இரண்டு தட்டு

காலை ஆறு மணி நாற்பத்தோரு நிமிடம் ஒன்பதாவது விநாடியில் கொம்பையா விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தான்.

விமானம் அப்போது தரையிலிருந்து பதினோரு அடி உயரத்தில் இருந்தது. அடுத்த மூன்றரை விநாடி அதை யாரும் ஓட்டவில்லை. மூக்குச் சக்கரம் முதலில் ஓடுபாதையில் பட்டு முறிந்தது. ப்ரொப்பெல்லர் தாரில் உரசி வளைந்தது. விமானம் பாதையை விட்டு விலகி, முள் வெட்டிய கரிசல் தரையில் சாய்ந்து நின்றது. தீப்பிடிக்கவில்லை. கொம்பையாவுக்கு இடது மணிக்கட்டும் காறை எலும்பும் முறிந்திருந்தன. அவனே பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினான். இறங்கியதும் திரும்பிப் பக்கத்து இருக்கையைப் பார்த்தான் என்று தீயணைப்பு வண்டி ஓட்டுநர் பிறகு சொன்னார்.

இருக்கை காலியாக இருந்தது. அவன் தனியாகத்தான் பறந்தான். அது அவனுடைய இருபதாவது சோலோ.

அந்த இருக்கையில் வழக்கமாக உட்காருகிறவள் ஹெப்சிபா. பதினாறு வருடமாக அந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநர். விபத்தின்போது ஓடுபாதையின் ஓரத்தில் நின்றிருந்தாள். விமானம் கல்போல விழுந்ததைப் பார்த்தாள். ஏன் விழுந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி பத்ருதீன் வந்தார். வகுப்பறை ஒன்றில் மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். கரும்பலகையில் யாரோ வரைந்த இறக்கை அழிக்கப்படாமல் இருந்தது. ஹெப்சிபா எதிரே உட்கார்ந்தாள்.

"பையன் எப்படி?" என்றார்.

"நல்லா ஓட்டுவான்."

"எல்லா வாத்தியாரும் இதைத்தான் சொல்றாங்க."

"நான் எல்லாரையும் சொல்றதில்ல."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஸ்டிக்கில் மாணவனின் கை கொடுத்த அழுத்தம் ஒரு கோடாக ஓடியது. ஒன்பதாவது விநாடியில் படுத்துவிட்டது. பயத்தில் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருப்பதாகவும், தரைக்குப் பக்கத்தில் வந்து கையை எடுத்தவனை இப்போதுதான் பார்ப்பதாகவும் சொன்னார். பிறகு கொம்பையாவின் வாக்குமூலத்தை வாசித்தார். பக்கத்து இருக்கையிலிருந்து யாரோ ஸ்டிக்கைக் கேட்டார்கள், அதனால் கொடுத்தேன். அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

"துணை வேலை செஞ்சுச்சா?" என்று ஹெப்சிபா கேட்டாள்.

பத்ருதீன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

துணையைப் பற்றி மாணவர்களுக்குத் தெரியாது. பயிற்றுநர்கள், பொறியாளர், பள்ளியின் தலைவர் தளவாய், இவர்களுக்கு மட்டும் தெரியும். வெளியே சொல்வதில்லை என்று எல்லோரும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஐந்து வருடத்துக்கு முன்பு வரை அந்தப் பள்ளியில் ஆடி மாதம் சோலோ கிடையாது. வெளியே இருப்பவர்கள் அதைச் சாமி காரியம் என்று நினைத்தார்கள். காரணம் காற்று. மேற்கே காற்றாலைகளைத் தாண்டி வரும் காற்று, இறங்குகிற விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும். பயிற்றுநர் பக்கத்தில் இல்லாத முதல் சில இறக்கங்களில் வருடத்துக்கு ஒன்றிரண்டு விமானம் உடையும். ஒரு வருடம் ஒரு பெண் இறந்தாள்.

அதன் பிறகு துணை வந்தது. பயிற்றுநரின் ஸ்டிக்குக்குக் கீழே ஒரு சின்ன மோட்டார். இரண்டு ஸ்டிக்கும் இணைந்தவை; ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். விமானத்தில் ஒருவர் மட்டும் இருந்தால் அது விழித்துக்கொள்ளும். கடைசி ஐம்பது அடியில் மாணவன் தவறினால் ஸ்டிக்கை லேசாகத் தள்ளித் திருத்தும். முதல் வருடம் இரண்டு பள்ளிகளில் சோதித்தார்கள். துணை இருப்பதாகச் சொல்லப்பட்ட மாணவர்கள் இறக்கவே கற்றுக்கொள்ளவில்லை. சொல்லப்படாதவர்கள் தாங்களே இறக்கியதாக நம்பி, நம்பியதால் தைரியமாகப் பறந்தார்கள். ஆகவே சொல்லக் கூடாது என்பது விதியாயிற்று. ஐந்து வருடத்தில் அறுபத்திரண்டு பேர் தேறிப் போனார்கள். ஒரு விபத்தும் இல்லை. ஆடியிலும் பறந்தார்கள்.

"செஞ்சிருக்கு," என்றார் பத்ருதீன். "சின்னதா ஒரு காத்து. ரெண்டு திருத்தம். ஒரு எலுமிச்சம்பழக் கனம்தான் மேடம் அது தள்றது. அஞ்சு வருஷமா யாரும் உணர்ந்ததில்ல. அதுக்கு ஒருத்தன் கையை எடுப்பானா?"

"கையை எடுத்ததும் துணை ஏன் பிடிச்சுக்கல?"

"பிடிக்காது. பிடிச்சா அதுதான் பைலட். அப்புறம் சட்டம் வேற. மனுஷன் கை ஸ்டிக்ல இருக்கிற வரைக்கும்தான் அது கூட இருக்கும். அவன் விட்டா அதுவும் விட்டுரும்."

திங்கட்கிழமை மருத்துவக் குழு கூடுகிறது என்றார். இல்லாத ஆளை உணர்ந்ததாகப் பையன் சொல்கிறான். அப்படியே சொல்லிக்கொண்டிருந்தால் மனநலக் காரணம் என்று எழுதுவார்கள்; இனி எந்த விமானத்திலும் அவன் பைலட்டாக ஏற முடியாது. அதிர்ச்சியில் குழம்பிச் சொல்லிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் இரண்டு வருடம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம். பையனுக்கு நல்லது நினைக்கிறவர்கள் இரண்டாவதைச் செய்யச் சொல்ல வேண்டும்.

அவள் எழுந்தாள்.

"இன்னொண்ணு," என்றார். "எப்படிக் கேட்டாங்கன்னு டாக்டர் கேட்டதுக்கு, ரெண்டு தட்டுன்னு சொல்லியிருக்கான். அப்படின்னா என்ன?"

ஹெப்சிபா கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள்.

"தெரியல சார்," என்றாள்.

வெளியே வந்து நடந்தாள். ஓய்வறைக்குப் போகவேண்டியவள் அதைத் தாண்டிப் போனாள். பெட்ரோல் கிடங்கு வரை போய்த் திரும்பினாள். காற்றின் திசை காட்டும் காற்றுப்பை மேற்கிலிருந்து நேராக விறைத்து நின்றது. மறுபடியும் கிடங்கு வரை போனாள்.

அவளுக்குத் தெரியும். இந்த உலகத்தில் அவளுக்கும் அவள் மாணவர்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

பயிற்றுநர் ஸ்டிக்கை வாங்க வேண்டுமென்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஐ ஹேவ் கன்ட்ரோல். மாணவன் யூ ஹேவ் கன்ட்ரோல் என்று பதில் சொல்லிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். அதுதான் விதி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மாணவன், தரைக்கு இருபது அடி மேலே, அவள் சொன்னதைக் கேட்டுப் பயந்து ஸ்டிக்கை இறுகப் பிடித்துக்கொண்டான். அவள் கத்தக் கத்த இன்னும் இறுக்கினான். அன்றைக்கு இருவரும் பிழைத்தது தற்செயல். அதன் பிறகு அவள் தன் மாணவர்களுக்கு வேறொன்று பழக்கினாள். அவள் பக்கத்து ஸ்டிக்கில் இரண்டு தட்டு. டக், டக். உடனே விட்டுவிட வேண்டும். கேள்வி இல்லை, பதில் இல்லை. முதல் பத்து மணி நேரம் இதையே திரும்பத் திரும்பச் செய்வாள். கடைசியில் அவர்கள் யோசிப்பதற்கு முன்பே கை திறக்கும். காதைவிடக் கை சீக்கிரம் கேட்கும் என்று சொல்வாள். அந்தப் பழக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மேலே யாருக்கும் அவள் சொன்னதுமில்லை.

சாயங்காலம் ஹேங்கரில் பொறியாளர் லிங்கதுரை உடைந்த விமானத்துக்கு அடியில் படுத்திருந்தார். ஹெப்சிபா குனிந்து, துணையின் பதிவைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"சித்தப்பா என்ன செஞ்சாருன்னு எல்லாரும் பாத்தாச்சு," என்றார் அவர். பேசாமல் கூடவே இருந்து கடைசி நேரத்தில் கை வைப்பதால் துணைக்கு அவர் வைத்த பெயர் அது. "அவரு மேல குத்தம் இல்ல."

"எவ்வளவு இடைவெளின்னு பாக்கணும். ரெண்டு திருத்தத்துக்கும் நடுவுல."

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கணினியில் தேடினார். முதல் திருத்தம் எட்டாவது விநாடியின் முடிவில். அடுத்தது அதிலிருந்து விநாடியில் மூன்றில் ஒரு பங்கு கழித்து. அவள் மேசை விளிம்பில் தன் விரலால் தட்டினாள். டக், டக். அதே இடைவெளி.

லிங்கதுரை அவள் விரலைப் பார்த்தார். இரண்டு தட்டைப் பற்றி அவரிடம் சொன்னாள். அவர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். பிறகு, அப்படியானால் மற்றவர்கள் ஏன் விடவில்லை என்று கேட்டார். சித்தப்பா எல்லோருக்கும்தான் கை வைக்கிறார். உங்களிடம் படித்தவர்கள் எத்தனையோ பேர். ஒருத்தராவது ஒரு தடவையாவது விட்டிருக்க வேண்டாமா?

கேட்டுவிட்டு அவரே பதிவுகளைத் திறந்தார். ஒவ்வொரு மாணவரின் பெயருக்கும் நேராக இறங்கிய தடவைகள், துணை கை வைத்த தடவைகள். பாதிக்குக் குறைவாக ஒருவருக்கும் இல்லை. கொம்பையாவின் வரிசைக்கு வந்தார். விபத்துக்கு முன்பு பத்தொன்பது இறக்கம். துணை கை வைத்தது பூச்சியம்.

"எல்லாரும் மொத நாள்லேருந்தே அதோட பழகிட்டாவ மேடம்," என்றார் லிங்கதுரை. "காத்து அசைக்கிதுன்னு நெனச்சுக்கிட்டாவ. ஸ்டிக்குன்னா அப்படித்தான் துடிக்கும்னு. இவனுக்குக் காத்து எப்படி இருக்கும்னு தெரியும்லா. அன்னைக்கு வந்தது காத்து இல்லன்னு தெரிஞ்சு போச்சு."

சனிக்கிழமை தளவாய் அவளைக் கூப்பிட்டார். லிங்கதுரை சொல்லவில்லை, பதிவு திறக்கப்பட்டதைக் கணினியே சொல்லியிருந்தது. ஏன் என்று அவர் கேட்டதும் அவள் இரண்டு தட்டைப் பற்றியும் சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. காபி வரவழைத்தார். துணையைப் பற்றி ஒரு மாணவனிடம் சொன்னால் மறுநாள் எல்லோருக்கும் தெரியும் என்றார். அறுபத்திரண்டு பேரின் சோலோக்கள் சோலோக்களே அல்ல என்று ஆகிவிடும். உரிமங்கள் நிறுத்தப்படும். துணையைக் கழற்றச் சொல்வார்கள். அடுத்த ஆடியிலோ அதற்கு அடுத்த ஆடியிலோ இன்னொரு பெண் சாவாள். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது? ஒரு பையன் இரண்டு வருடம் காத்திருப்பது அதைவிடப் பெரிய நஷ்டமா?

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது.

"உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்," என்றார் கடைசியில். "விதியில இல்லாத பழக்கத்தைப் பன்னெண்டு வருஷமா சொல்லிக் கொடுத்திருக்கீங்க. வெளிய வந்தா நீங்க திரும்ப ஒரு பிள்ளைக்குப் பக்கத்துல உட்கார முடியாது."

அன்றிரவு அவள் தட்டையும் பதிவுகளையும் பற்றி மூன்று தடவை எழுதிக் கிழித்தாள். ஞாயிறு காலை ஆராதனையில் பாதியில் எழுந்து வந்து, காருக்குள் உட்கார்ந்து நான்காவது தடவை எழுதினாள். ஒரு பக்கம்தான் வந்தது. பத்ருதீனுக்கு அனுப்பிவிட்டுத் தூத்துக்குடிக்கு வண்டியை விட்டாள். வழியில் அவருடைய பதில் வந்தது. கிடைத்தது. மருத்துவக் குழுவிடம் நான் பேசுகிறேன். மற்ற அறுபத்திரண்டு பேரைப் பற்றி நாளை கூடி முடிவெடுப்போம். அதுவரை யாரிடமும் பேச வேண்டாம்.

அவள் வண்டியைத் திருப்பவில்லை.

முத்தையாபுரத்தில் கொம்பையாவின் வீடு உப்பளத்துச் சாலையில் இருந்தது. அப்பா லாரியோடு கேரளாவுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்த அம்மா ஆவுடையம்மாள் அவளை உள்ளே வரச் சொல்வதற்கு முன்பே பேசத் தொடங்கினாள்.

"எம்புள்ளைக்குக் கோட்டி, பைத்தியம்னு எழுதப்போறாவளாமே டீச்சரம்மா. கோயில்ல கயிறு மந்திரிச்சுக் கெட்டுனேன். அத்து எறிஞ்சிட்டான்."

உள்ளே கொம்பையா கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இடது கை கட்டோடு தொங்கியது. முகம் நான்கு நாளில் சுருங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழப் பார்த்தான்.

"அம்மா பேயின்னு சொல்றாங்க மேடம்," என்றான். "பேய்க்கு லைசென்ஸ் வேண்டாமா?"

அவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஒரு தாள் இருந்தது. பள்ளியிலிருந்து வந்தது. அதிர்ச்சியில் குழம்பிச் சொல்லிவிட்டேன் என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"போட்டுட்டியா?"

"இல்ல. தட்டுனது பொய்யின்னு தெரிஞ்சா போட்டுருவேன். உண்மைன்னு தெரிஞ்சா போடவே மாட்டேன். எதுன்னு தெரியல மேடம். அதான் போடல." தூங்கினால் கையில் யாரோ தட்டுகிற மாதிரி இருப்பதாகச் சொன்னான். இன்றைக்குக் காலையில் பல் தேய்க்கும்போதும் இருந்ததாம்.

ஹெப்சிபா ஆவுடையம்மாளிடம் சப்பாத்திக் கட்டை இருக்கிறதா என்று கேட்டாள். அம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எடுத்து வந்தாள். அதைக் கொம்பையாவின் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வலது கையால் பிடிக்கச் சொன்னாள். கண்ணை மூடச் சொன்னாள். ஓடுபாதை தெரிகிறது, முப்பது அடி, வேகம் சரி, மூக்கைத் தூக்கு என்று வழக்கமான குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் மணிக்கட்டு தானாகப் பின்னால் சாய்ந்தது. இருபது அடி. பதினைந்து.

கட்டையின் அடியில் ஒரு விரலால் தட்டினாள். டக், டக்.

அவன் கை திறந்தது. கட்டை தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது.

கொம்பையா கண்ணைத் திறந்து தன் உள்ளங்கையைப் பார்த்தான். ஆவுடையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னைக்குத் தட்டுனது பேயில்ல," என்றாள் ஹெப்சிபா. "ஒரு மிஷின். ரெண்டு தட்டுனா விடணும்னு உனக்குப் பழக்கினது நான்."

எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அவள் மகனுக்குக் கோட்டி இல்லை என்பது புரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீச்சரம்மாவுக்குக் குடிக்க எதுவும் கொடுக்கவில்லையே என்று அடுக்களைக்குப் போனாள். போகிற வழியில் திரும்பி, "இதை மொதல்லயே சொல்லியிருந்தா எம்புள்ள கை ஒடிஞ்சிருக்காதுலா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஹெப்சிபா ஆமாம் என்று தலையசைத்தாள்.

கொம்பையா தாளை எடுத்து நான்காக மடித்தான். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"நீ பத்தொன்பது தடவ இறக்குனது நீதான்," என்றாள். "அது கை வைக்கவே இல்ல. பதிவை நானே பாத்தேன். அந்தப் பள்ளிக்கூடத்துல அஞ்சு வருஷமா உண்மையா சோலோ போனது நீ ஒருத்தன்தான்."

அவன் சந்தோஷப்படுவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவன் மடித்த தாளைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தான்.

"நான் ஒருத்தன்தானா?"

"ஆமா."

"செண்பகம்?"

செண்பகம் அவனோடு பள்ளியில் சேர்ந்து, அவனுக்கு ஐந்து மாதம் முன்னால் தேறிப் போனவள். அவளும் ஹெப்சிபாவின் மாணவிதான். வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து தீவுகளுக்கு ஓடும், ஒன்பது பேர் ஏறும் விமானத்தில் வேலை கிடைத்திருந்தது. ஒரே பைலட். அதில் துணை கிடையாது. துணை பயிற்சி விமானங்களில் மட்டும்தான்.

ஹெப்சிபா பதிவில் அவள் பெயரையும் பார்த்திருந்தாள். அந்த வரிசையும் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

"நாப்பத்தோரு இறக்கம்," என்றாள். "முப்பத்திமூணுல கை வச்சிருக்கு. ஆனா அங்க பயிற்சி கொடுத்திருப்பாங்க. சீனியர் ஒருத்தர் பக்கத்துல இருப்பாரு."

"நேத்து வரைக்கும் இருந்தாரு."

அவன் தலையணைக்குப் பக்கத்திலிருந்து போனை எடுத்துக் காட்டினான். காலையில் செண்பகம் அனுப்பிய படம். விமானி அறை. பக்கத்து இருக்கையில் அவள் தொப்பி மட்டும் இருந்தது. இன்னைக்கு நான் மட்டும்தாம்ல, சீக்கிரம் வந்து சேரு, என்று எழுதியிருந்தாள்.

"ஆகாயத்துலயும் மெசேஜ் போவும்," என்றான். "பாத்திருவா. பதில்கூடப் போடுவா."

ஹெப்சிபா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். உப்பளத்தில் வெள்ளைக் குவியல்களுக்குப் போட்டிருந்த தென்னங்கீற்றுகள் காற்றில் எழும்பி எழும்பி விழுந்தன. காற்று மேற்கிலிருந்து வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"எத்தனை மணிக்கு இறங்குறா?"

"நாலு பத்து. இப்ப திரும்பி வந்துகிட்டு இருப்பா."

சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால் ஆகியிருந்தது. கொம்பையா போனை வலது கையில் பிடித்துக்கொண்டு, கட்டை விரலைத் திரைக்கு மேலே நிறுத்தி, அவளைப் பார்த்தான்.

"இறங்குறதுக்கு முந்தி சொல்லணுமா மேடம், இறங்குன பொறவு சொல்லணுமா?"